வேப்பிலைத் தோரணத்துக்கு இந்தப் பக்கம்

கலைமணிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவளுடைய தொண்டை. கயிறு கட்டவும் பாறை ஏறவும் பின்னால்தான் கற்றுக்கொண்டாள்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் கரட்டுப்பாளையம் அவளுடைய ஊர். ஊருக்குக் கிழக்கே ஒரு பாறைக் கரடு. கரட்டின் அடியில் குமாரசாமியின் நிலம். குமாரசாமி ஒரு காலத்தில் ரிக் லாரி வைத்து வடநாடெல்லாம் போர்க்கிணறு போட்டவர். ஊரான் காட்டிலெல்லாம் தண்ணீர் வரவழைத்த மனிதருக்குச் சொந்த நிலத்தில் மட்டும் எங்கே துளை போட்டாலும் புகைதான் வந்தது. அம்மன் எதையும் காரணமில்லாமல் செய்ய மாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வெளியே கூட்டி வந்து பாறை ஏறவும், கயிற்றில் நடக்கவும், கூடாரம் அடித்துத் தங்கவும் பழக்குகிற முகாம்கள் அங்கங்கே வந்திருப்பதை யாரோ சொல்லக் கேட்டார். தண்ணீர் இல்லாத பாறைக்கும் ஒரு பிழைப்பு உண்டு என்று தெரிந்ததும் ‘கரடு முகாம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்.

அந்த முகாமுக்குக் கலைமணி சோறாக்கத்தான் வந்தாள். அதற்கு முன்பு கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குப் பழக்குவதற்குச் சிவபிரகாஷ் என்று ஒரு தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். முறையாகப் பயிற்சி எடுத்தவன். கழுத்தில் விசில், இடுப்பில் கொக்கி, தலையில் ஹெல்மெட்.

ஒரு நாள் மத்தியானம் பிள்ளைகள் கரட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சிவபிரகாஷ் விசில் ஊதி ஊதி முகம் சிவந்துபோனான். ஒருவரும் வரவில்லை. கலைமணி கரண்டியோடு வெளியே வந்தாள்.

“சோறு ஆச்சு, வாங்க சாமீ!” என்று ஒரு குரல் கொடுத்தாள்.

பிள்ளைகள் வந்தார்கள். பக்கத்துக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்களும் வந்தார்கள். சாலையில் போன ஐஸ்காரர் வண்டியை நிறுத்திவிட்டு என்ன ஏது என்று பார்த்தார்.

குமாரசாமி அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். “இந்தத் தொண்டையச் சமையக்கட்டுல வெச்சு வீணாக்கப்படாது. நாளையில இருந்து நீ தம்பி கூட நில்லு” என்றார்.

அப்படித்தான் கலைமணி துணைப் பயிற்சியாளர் ஆனாள். சிவபிரகாஷ் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். முடிச்சுப் போடுவது அவளுக்குச் சீக்கிரம் வந்தது. அவிழ்ப்பதுதான் தாமதமாக வந்தது. முதல் நாள் வேலை முடிந்து ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கணவன் சின்னுசாமி லாரி ஓட்டுகிறவன். வாசலில் நின்றபடி அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏம்புள்ள, மேல எதாச்சும் உழுந்துருமுன்னு சோசியக்காரன் சொன்னானா?”

“பாறை ஏறறதுக்குங்க.”

“நம்மூட்டு வாசப்படி ஏறறதுக்கெல்லாம் இது வேண்டாம். கழட்டு.”

ஆனாலும் அவனுக்கு உள்ளுக்குள் பெருமைதான். லாரி ஷெட்டில் போய், என் வீட்டுக்காரி கயிற்றில் தொங்குகிறாள் என்று சொல்லி, கேட்டவர்கள் பதறிப்போய், பிறகு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

வருஷம் ஓடியது. சிவபிரகாஷுக்கு வடக்கே பனிமலைப் பக்கம் வேலை கிடைத்துவிட்டது. முகாமுக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேண்டும். கலைமணிக்கு அந்த ஆசை வந்துவிட்டது. ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்பு, சாமி கும்பிடும்போதும் அதே நினைப்பு. ஊர் மாரியம்மன் கோயிலில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு, “ஆத்தா, என்னையத் தலைமையாப் போட்டாங்கன்னா இந்த வருச நோம்பிக்கு உனக்குப் பூவோடு எடுக்கறேன்” என்று வேண்டிக்கொண்டாள். பூவோடு என்றால் கனல் கொழுந்துவிட்டு எரியும் சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றி வருவது. லேசுப்பட்ட வேண்டுதல் இல்லை.

வேண்டிக்கொண்ட கையோடு குமாரசாமி கூப்பிட்டு விட்டார்.

“நாமக்கல்லுல இருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பொம்பளப் புள்ளைங்க வாராங்க. நீ தனியா நடத்து. நான் இருந்தா நீ என்ற மொகத்தையே பாத்துட்டு நிப்ப. அதனால நான் வர மாட்டேன். விடியக்காலம் பால் கொண்டாந்து குடுக்கறப்பத்தான் வருவேன். எடையில போனும் பண்ணாத, எடுக்க மாட்டேன். செரியா நடத்திட்டீன்னா நீதான் தலைமை. இல்லீன்னா கோயமுத்தூருல ஒரு ஆளு சொல்லி வெச்சிருக்கறேன்.”

முழு வேலை இன்னும் கிடைக்கவில்லை, பாதிதான் கிடைத்திருக்கிறது. ஆத்தா பாதி கொடுத்தாலும் கொடுத்ததுதானே, மீதியை வாங்குவதற்கு நாம் முந்திக்கொள்வோம் என்று கலைமணிக்குத் தோன்றியது. அந்த வாரமே கோயிலில் நோம்பித் திருவிழாவுக்குக் கம்பம் நட்டார்கள். பூவோடு எடுக்கிறவர்கள் வரிசையாக நின்றார்கள். கலைமணி முதல் ஆளாகக் கையை நீட்டினாள். பூசாரி கந்தப்பன் மஞ்சள் கயிற்றில் வேப்பிலை வைத்துக் காப்புக் கட்டிவிட்டார்.

மணிக்கட்டில் மஞ்சள் மணக்க அவள் வீட்டுக்கு வந்தாள். சின்னுசாமி காப்பைப் பார்த்தான். கும்பிட்டுக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“ஏம்புள்ள, முகாமுல தலைமை ஆளு ராத்திரி எங்க படுக்கோணும்?”

“புள்ளைங்க கூடத்தானுங்க. அதானே முக்கியமான வேலையே.”

“முகாமு எங்க இருக்குது?”

“தெரியாத மாதிரி கேக்கறீங்க. எல்லைய ஒட்டி அந்தப் பக்...”

கலைமணி பாதியில் நிறுத்திவிட்டாள். கையிலிருந்த தேங்காய் மூடி கீழே விழுந்தது.

காப்புக் கட்டியவர் நோம்பி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த கட்டுப்பாடு. இதுநாள்வரை துணை ஆளாக இருந்ததால் பொழுது சாய்ந்ததும் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்தப் பழக்கத்தில் ராத்திரி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. வேலைக்காகக் கட்டிய காப்பு அதே வேலையின் கழுத்தில் கட்டியதாகப் போயிற்று.

“அவுத்துரலாமுங்களா?” என்று கேட்டுவிட்டு, கேட்ட வாய்க்குத் தானே இரண்டு போட்டுக்கொண்டாள்.

கந்தப்பன் பூசாரியிடம் ஓடினாள். அவர் கோயில் வாசலில் உட்கார்ந்து வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“அம்மிணி, காப்பு அவுக்கறதுங்கற பேச்சே கெடையாது. எல்லைக்கு வெளியில ராத்திரி படுத்துக் கண்ண மூடப்படாது. அவ்வளவுதான் கட்டுப்பாடு.”

“கண்ண மூடாம இருந்தா?”

பூசாரி வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். “மூடாம இருந்தா... தங்குன கணக்குல வராதுன்னுதான் நெனைக்கறேன். காவக்காரன் மாதிரி முழிச்சு உக்காந்திருந்தா ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா.”

கலைமணிக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து, ராத்திரி பூராவும் தூங்காமல் பிள்ளைகளுக்குக் காவல் இருக்கப் போகிறேன் என்று சொன்னாள். சின்னுசாமி சிரிக்க ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை.

“நீயா? நம்ம கண்ணாலத்துல ஐயரு மந்தரம் சொல்றப்பவே கண்ணசந்தவ நீ. மல்லசமுத்தரத்துல எறங்கறன்னு பஸ் ஏறிச் சேலத்துல போயி முழிச்சவ. நோம்பி மோளச் சத்தத்துல மோளக்காரனே காதுல பஞ்சு வெச்சிருந்தான், நீ அந்த மோளத்து மேல சாஞ்சு தூங்குன!”

“ஆத்தா பாத்துக்குவா” என்றாள் கலைமணி.

முகாம் நாளும் வந்தது. நாமக்கல் பஸ் வந்து நின்றதும் பிள்ளைகள் வரிசையாக இறங்கினார்கள். இறங்கிய வரிசை கலையாமல் அப்படியே நின்றார்கள். விடுதியிலேயே தங்கிப் படிக்கிற பிள்ளைகள். காலையில் எழுந்தால் படிப்பு, ராத்திரி படுக்கும்வரை படிப்பு. வெயில் நேராக மேலே விழுந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும் போலிருந்தது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிக் கரட்டைப் பார்த்தார்கள்.

கூட வந்தவர் கௌசியா டீச்சர். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர், கணக்கு வாத்தியார். கறாரான ஆள். வந்ததும் கலைமணியிடம் சொல்லிவிட்டார்.

“ஒண்ணே ஒண்ணுதாம்மா. பயிற்சி குடுக்கற தலைமை ஆளு ராத்திரி முழுக்கப் பிள்ளைங்க கூடவே இருக்கணும். விட்டுட்டு எங்கயும் போகக்கூடாது. ஸ்கூல்ல அதுக்கு ஒத்துக்கிட்டுத்தான் அனுப்பியிருக்காங்க.”

“நான் கண்ணையே மூட மாட்டனுங்க டீச்சர்” என்றாள் கலைமணி. டீச்சருக்கு அது கொஞ்சம் அதிகப்படியான பதிலாகப் பட்டது.

பயிற்சி ஆரம்பமாயிற்று. இடுப்பில் பட்டை கட்டுவது எப்படி, கயிற்றைப் பிடிப்பது எப்படி என்று கலைமணி சொல்லச் சொல்ல, பிள்ளைகளின் விரல்கள் காற்றில் எழுதின. நர்மதா என்று ஒரு பெண், வகுப்பில் முதலாவதாக வருகிறவளாம், கையைத் தூக்கினாள்.

“அக்கா, இதுல எந்த முடிச்சு முக்கியம்?”

“எல்லா முடிச்சும் முக்கியந்தான் சாமி. ஒண்ணு அவுந்தாலும் கீழ வந்துருவ.”

“அதில்லக்கா, எது கேப்பாங்க?”

“யாரு?”

“பரீட்சையில.”

“பரீட்சையெல்லாம் இல்ல கண்ணு.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரீட்சை இல்லாத ஒன்றை எதற்குக் கற்றுக்கொள்வது என்று நிஜமாகவே புரியாமல் தவித்தார்கள். ஆனால் பாறையில் ஏற ஆரம்பித்ததும் அந்தக் கேள்வி மறந்துபோயிற்று. ஒருத்தி பாதி ஏறி, “ஐயோ அம்மா, எறக்கி உடுங்க!” என்று கத்தினாள். இறக்கிவிட்டதும், “இன்னொரு தடவ!” என்றாள். கௌசியா டீச்சர் கீழே நின்று ஒவ்வொருத்தி ஏறும்போதும் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். மேலே போகிற பிள்ளைக்காகக் கலைமணியும் ஆத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் பிரார்த்தனை இருந்ததால் ஒரு கீறல்கூட இல்லாமல் எல்லோரும் ஏறி இறங்கினார்கள்.

பிள்ளைகளே கூடாரம் அடித்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. அடுத்தது அமைதிப் பயிற்சி. சிவபிரகாஷ் விட்டுப்போன பாடங்களில் கலைமணிக்கு ரொம்பப் பிடித்தது இது. எல்லோரும் வேலா மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பேசக் கூடாது. சுற்றிலும் என்னென்ன சத்தம் கேட்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். தலைமை ஆள் கைதட்டினால் கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும்.

“கண்ண மூடிக்கங்க சாமி. ஆரம்பிக்கலாம்” என்றாள் கலைமணி. தலைமை ஆள் முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று தானும் மூடினாள்.

அவள் முகத்தில் வெயில் சுட்டபோது கண்ணைத் திறந்தாள். நிழல் எங்கோ நகர்ந்து போயிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் கண்ணைத் திறந்து வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கௌசியா டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கலைமணி அவசரமாகக் கை தட்டினாள். “ம்... சொல்லுங்க கண்ணுகளா. என்னென்ன கேட்டுச்சு?”

“மயில் அகவுச்சுக்கா” என்றாள் ஒருத்தி.

“தூரத்துல லாரி ஆரன்.”

“ஆடு.”

“கோயில் மைக் செட்டு.”

நர்மதா எழுந்து நின்றாள். படிக்கிற பிள்ளை, பொய் சொல்லத் தெரியாது. “கிட்டத்துலயே ஏதோ ஒண்ணு உறுமுச்சுக்கா. மொதல்ல மெதுவா, அப்பறம் பலமா. நடுவுல ஒரு விசில் சத்தமும் வந்துச்சு. ரொம்ப நேரம். அதுல மத்த சத்தம் எதுவுமே கேக்கல.”

வட்டம் வெடித்துச் சிரித்தது. விடுதியில் அப்படிச் சிரித்தால் பெயர் எழுதிவிடுவார்கள் போல, சிரித்த பிறகு எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கலைமணிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பட்டப்பகலில் உட்கார்ந்தபடி இந்தத் தூக்கம் என்றால் ராத்திரி என்ன கதி? கண்ணை மூடினால் காப்புக்குப் பங்கம். வீட்டுக்குப் போனால் வேலைக்குப் பங்கம். பொழுது வேறு சாய்ந்துகொண்டிருந்தது. மளமளவென்று கண்ணீர் வந்துவிட்டது.

“என்னாச்சும்மா? சும்மா தமாஷுக்குச் சிரிச்சாங்க. இதுக்குப் போயி...” என்று பக்கத்தில் வந்தார் டீச்சர்.

கலைமணி மணிக்கட்டைக் காட்டினாள். வேண்டுதல், பாதி வேலை, முந்திக்கொண்டு கட்டிய காப்பு, பூசாரி சொன்னது, முழித்திருக்கப் போட்ட திட்டம் என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள். “ஆத்தாளுக்கும் வாக்குக் குடுத்துட்டன். உங்களுக்கும் வாக்குக் குடுத்துட்டன். ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கறனுங்க டீச்சர்.”

“நோன்பு மாதிரிதானேம்மா இது. வெச்சா வெச்சதுதான். அத விடச் சொல்ல எனக்கு வாய் வராது” என்றார் கௌசியா டீச்சர். “ஆனா பிள்ளைங்கள விட்டுட்டுப் போங்கன்னும் என்னால சொல்ல முடியாது.”

“எல்லை எங்க இருக்குக்கா?” என்று கேட்டாள் நர்மதா.

கலைமணி கையைக் காட்டினாள். முகாம் நிலத்தின் ஓரத்தில் வண்டித்தடம் ஊருக்குள் நுழைகிற இடம். மஞ்சள் பூசிய எல்லைக்கல். நோம்பிக்காக அதற்கு மேலே குறுக்கே கட்டிய வேப்பிலைத் தோரணம். ஒரு குரல் தூரம்கூட இல்லை.

“அவ்வளவுதானா? அந்தப் பக்கம் என்னக்கா இருக்கு?”

“பூசாரி காடு. கடலை புடுங்கிட்டுச் சும்மா கெடக்குது. ஆட்டுப்பட்டி போட்டிருக்கறாரு.”

“நீங்க இந்தப் பக்கம் இருக்க முடியாதுன்னா, நாங்க அந்தப் பக்கம் வந்தா என்ன?”

கலைமணி டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்குப் போட்டார். “தலைமை ஆள் கூடவே இருக்கணும்னுதான் ஸ்கூல்ல சொன்னாங்க. கூடாரம் எந்தக் காட்டுல இருக்கணும்னு சொல்லலை.”

அவ்வளவுதான். அடித்து முடித்த கூடாரங்களை மறுபடி பிடுங்கினார்கள். முளைக்குச்சியைப் பிடுங்க ஒருத்தி, கயிற்றைச் சுருட்ட ஒருத்தி, துணியை மடிக்க நான்கு பேர். விடுதியில் கட்டிலைக்கூட நகர்த்த விடாத பிள்ளைகள் சாம்பார் குண்டாவை மூங்கிலில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். கலைமணி முன்னால் நடந்தாள். தோரணத்துக்குக் கீழே குனியும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்த பிள்ளைகளும், ஏதோ பயிற்சியின் ஒரு பகுதி என்று நினைத்து, வரிசையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டே நுழைந்தார்கள். கடைசியாக வந்த கௌசியா டீச்சர், பிஸ்மில்லா என்று சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வைத்தார்.

ஆட்டுப்பட்டி ஓரமாகக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த கந்தப்பன் பூசாரி பதறி எழுந்தார். மாலை வெளிச்சத்தில் தலையில் ஹெல்மெட்டும் தோளில் மூட்டையுமாக ஒரு கூட்டம் தன் காட்டுக்குள் வருவதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

“அம்மிணி, இதென்ன படை?”

கலைமணி சொன்னாள். பூசாரி கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார். “நல்ல ரோசனைதான். காட்டுல படுக்கறதுல எனக்கொண்ணுமில்ல. ஆனா காப்புக் கட்டுன ஊருக்குள்ள ராத்தங்கினா, நோம்பி முடியற வரைக்கும் வெளிய போயித் தங்கப்படாதே.”

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஐயோ, நாளன்னைக்கு இவங்களுக்குத் திருப்புதல் பரீட்சை இருக்குங்க!”

பிள்ளைகளின் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாகத் தெய்வ பக்தி தெரிந்தது. “நாங்க இருந்துக்கறோம் தாத்தா!” என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். “கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான் டீச்சர். மீறக்கூடாது” என்றாள் நர்மதா, ரொம்பப் பொறுப்பாக.

பூசாரி அவர்களை ஒரு பார்வை பார்த்தார். டீச்சரின் முகத்தையும் பார்த்தார். கம்பம் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். அந்தச் சமயம் பார்த்துப் பட்டிக்குள் ஒரு கிடா தலையைச் சிலுப்பிக்கொண்டது.

“உத்தரவு ஆயிருச்சு” என்றார். “கம்பம் நட்டப்ப ஊருக்குள்ள இருந்தவங்களுக்குத்தான் அது. இவங்க ஒரம்பரை. வரலாம், போகலாம்.”

ஒரம்பரை என்றால் விருந்தாளி. பிள்ளைகளுக்கு வந்த பக்தி அந்த ஒரு சொல்லில் போய்விட்டது.

“ஆனா கவிச்சி மட்டும் எல்லைக்குள்ள வரப்படாது” என்றார் பூசாரி.

காலைக்கு வேகவைக்க வைத்திருந்த முட்டை அட்டைகளைக் கலைமணி அப்போதுதான் நினைத்தாள். நல்லவேளை, அவை இன்னும் முகாம் கொட்டகையில்தான் இருந்தன. முட்டை அந்தப் பக்கமே இருக்கட்டும், சாப்பிடுகிறவர்கள் காலையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று தீர்மானமாயிற்று.

கடலைக் காட்டில் கூடாரங்கள் எழும்பின. அடித்து வைத்த முளைக்குச்சிகளை ஆடுகள் வந்து மோந்து பார்த்தன. சாம்பார் சோறு சாப்பிட்டு, பாட்டுப் பாடி முடிந்தது. “எல்லாரும் படுங்க சாமி, நான் இங்கதான் இருக்கறேன்” என்று சொன்ன கலைமணி, சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

விடிந்தும் விடியாமலும் குமாரசாமி பால் கேனை மொபட்டில் கட்டிக்கொண்டு மெயின் ரோட்டுப் பக்கமாக முகாமுக்கு வந்தார். வண்டியை நிறுத்தியவர் அப்படியே நின்றுவிட்டார். கூடாரம் ஒன்றுகூட இல்லை. முளைக்குச்சி பிடுங்கிய குழிகள் மட்டும் இருந்தன. ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது.

போர் போடும்போது எத்தனையோ தடவை ராடு உள்ளே சிக்கிப் பார்த்தவர்தான். ஆனால் ஒரு பஸ் நிறையப் பெண்பிள்ளைகள் மாயமானதில்லை. “ஆத்தா, மானம் போச்சே! பெத்தவங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்து திரும்பினார்.

வேப்பிலைத் தோரணத்துக்கு வெளியே, எல்லைக்கல்லிலிருந்து ஓரடி தள்ளி, பிள்ளைகள் வரிசையாக நின்று முட்டை தின்றுகொண்டிருந்தார்கள். தின்று முடித்தவள் சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து, கை கழுவி, தோரணத்துக்குள் குனிந்து ஊருக்குள் போனாள். அடுத்தவள் ஊருக்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்தாள். நர்மதா பக்கத்தில் நின்று, “நல்லா கொப்பளிச்சியா? ஆ காட்டு!” என்று சோதனை செய்துகொண்டிருந்தாள்.

குமாரசாமிக்கு முதலில் உயிர் வந்தது. பிறகு கோபம் வந்தது. தோரணத்தைத் தாண்டிப் போனார். கலைமணி அப்போதுதான் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“முகாமு என்ற நெலத்துல. நீ பூசாரி காட்டுல ஆட்டுக்குப் பக்கத்துல கொண்டாந்து போட்டிருக்கற. யாரக் கேட்டு மாத்துன?”

கலைமணி காப்புக் கட்டிய கையை நீட்டினாள். குமாரசாமி காப்பைப் பார்த்தார். கோபத்தைப் பாதியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டார். தேங்காய் உடைக்காமல் ஒரு துளைகூடப் போட்டதில்லை அவர்.

“காப்புச் செரி. வேலை வேற, சாமி வேற. ஒத்துக்கிட்ட வேலையச் செஞ்சியா? ராத்திரி புள்ளைங்கள விட்டுட்டு எங்கயாச்சும் போனியா?”

பதில் கௌசியா டீச்சரிடமிருந்து வந்தது. “எங்கயும் போகலைங்க. ஒரு அடி நகரலை. உண்மையா சொல்லணும்னா, ஆடு வந்து கூடாரத்துக் கயித்தக் கடிச்சிச்சு, கூடாரம் அவங்க மேலயே சாஞ்சிடுச்சு, அப்பவும் நகரலை. பிள்ளைங்கதான் எந்திரிச்சு, அவங்க சொல்லிக் குடுத்த முடிச்ச அவங்க தலைக்கு மேலயே போட்டு நிறுத்தினாங்க. அந்தச் சத்தத்துலயும் அவங்க எந்திரிக்கலை.”

கலைமணி பூமியைப் பார்த்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

“யாரு போட்ட முடிச்சு?” என்றார் குமாரசாமி.

“நாந்தாங்க தாத்தா” என்றாள் நர்மதா. “மூணாவது தடவையிலதான் நின்னுச்சு.”

குமாரசாமி கூடாரத்திடம் போய் முடிச்சை இழுத்துப் பார்த்தார். பலமாக இன்னொரு தடவை இழுத்தார். ரிக் லாரியில் கயிறு கட்டிப் பழகின கைக்கு அது அசையவில்லை. சுற்றிலும் பார்த்தார். விடுதிப் பிள்ளைகள் தலை கலைந்து, துணியெல்லாம் மண் ஒட்டி, ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். இதுவரை வந்த எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் கூடாரத்தை அடித்து, பிடுங்கி, சுமந்து, மறுபடி அடித்ததில்லை. சிவபிரகாஷ் காலத்திலும் இல்லை.

“அடுத்த வருஷமும் இதே மாதிரி எடம் மாத்தற பயிற்சி வேணும்னு நான் ஸ்கூல்ல சொல்லப் போறேன்” என்றார் டீச்சர்.

“அதுக்கென்னங்க, அது நம்ம முகாமுல எப்பவும் உள்ளதுதானுங்க” என்றார் குமாரசாமி, கண்ணை இமைக்காமல்.

பூசாரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “ஏப்பா குமாரசாமி, என்ற ஆடுக ராப்பூராத் தூங்கல. இந்தப் புள்ளைங்க பேசிட்டே கெடந்தாங்க. அடுத்த வாட்டி வந்தா ஆட்டையும் பரீட்சைக்கு அனுப்பற மாதிரி ஆயிரும்.”

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே குமாரசாமியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். “ஆமாங்க, கரடு முகாமுதானுங்க. ஆத்தூருங்களா? வாங்க, வாங்க. அடுத்த வாரமுங்களா? ஒரு நிமிசம்...”

போனைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் கலைமணியைப் பார்த்தார். கோயம்புத்தூர் ஆள் ராத்திரி தங்கத் தனி அறையும் ஏசியும் கேட்டிருந்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“எங்க தலைமைப் பயிற்சியாளரு பக்கத்துலதான் இருக்கறாங்க. அவங்ககிட்டயே பேசுங்க” என்று போனைக் கலைமணியிடம் நீட்டினார். “பேசுங்க” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் வைத்த முதல் மரியாதைச் சொல் அது.

கலைமணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். “வணக்கமுங்க. அடுத்த வாரம் வாரதுல ஒண்ணுமில்லீங்க. ஆனா பொதங்கெழம வேண்டாமுங்க. அன்னைக்கு எங்கூரு நோம்பி, நான் பூவோடு எடுக்கறேன். அத முடிச்சிட்டு வெள்ளிக்கெழம வாங்க. புள்ளைங்களுக்கு மாத்துத் துணி மட்டும் நெறையாக் குடுத்து உடுங்க.”

அந்தப் பக்கம் பேசியவர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டுதான் சரி என்று சொல்லியிருப்பார்.